மீதி நேரத்தை நம்பாத பேட்டரி மானி: யூபவர் மேல் கட்டிய கதை

லினக்ஸில் முழு டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு, ஜன்னல்களை அடுக்குவதை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஸ்வே போன்ற ஒரு விண்டோ மேனேஜருக்கு மாறும்போது முதலில் காணாமல் போவது பேட்டரி எச்சரிக்கைதான். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ மூன்றிலும் அது டெஸ்க்டாப்போடு சேர்ந்தே வருவதால், அப்படியொரு வேலையைப் பின்னணியில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே நமக்கு உறைக்காது. ஸ்வேயில் பட்டியில் என்ன தெரிய வேண்டும், எப்போது எச்சரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நாமே கோத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியை வரையும் வேபாரில் ஒரு பேட்டரி மாட்யூல் தயாராக இருக்கிறது, பேட்டரிக் கணக்கை மற்ற நிரல்களுக்குச் சொல்லும் பின்னணிச் சேவையான யூபவருக்கென்றே தனி மாட்யூலும் உண்டு. பார்த்துக்கொள்ள மட்டும் என்றால் அவை தாராளமாகப் போதும். எனக்கு வேண்டியது வேறு: பட்டியில் சதவீதத்தோடு வாட்டும் தெரிய வேண்டும், சார்ஜ் இறங்கினால் நச்சரிக்காமல் ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது மாதக்கணக்கில் பதிவாக வேண்டும். இந்த மூன்றுக்காகப் பைத்தானில் ஒரு சிறு கருவி எழுதினேன். அது எப்படி உருவானது என்பதன் பதிவு இது.

கணினி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய திங்க்பேட் டி480. இதில் பேட்டரி இரண்டு. உள்ளே திருகாணி கழற்றினால்தான் எடுக்க முடிகிற ஒன்று. அடிப்பக்கம் கிளிப்பைத் தள்ளிக் கழற்றி மாட்டுகிற ஒன்று. பேட்டரி ஒன்றுதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட எந்த ஸ்கிரிப்டும் இதில் சரியாக வேலை செய்யாது. கருவியின் வடிவத்தை முடிவு செய்ததே இந்த இரட்டைப் பேட்டரிதான்.

கெர்னல் தருவது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பேட்டரித் தகவல் எல்லாவற்றையும் '/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை' என்ற அடைவுக்குள் சின்னச் சின்னக் கோப்புகளாக வைக்கிறது. 'பேட்0', 'பேட்1', சார்ஜருக்கு 'ஏசி' என்று உள்ளே துணை அடைவுகள். பழைய ஸ்கிரிப்டுகளைப் புரட்டினால் '/ப்ராக்/ஏசிபிஐ/பேட்டரி' என்று ஒரு பாதை வரும். அது எப்போதோ கைவிடப்பட்டது, அதைக் கண்டாலே அந்த ஸ்கிரிப்டை மூடிவிடலாம். 

ஒவ்வொரு பேட்டரி அடைவிலும் 'ஸ்டேட்டஸ்', 'கெபாசிட்டி', 'எனர்ஜி_நவ்', 'எனர்ஜி_ஃபுல்', 'எனர்ஜி_ஃபுல்_டிசைன்', 'பவர்_நவ்', 'வோல்டேஜ்_நவ்', 'சைக்கிள்_கவுண்ட்' என்று கோப்புகள். தனித்தனியாகத் திறக்க வேண்டியதில்லை, 'யூஇவென்ட்' என்ற ஒரே கோப்பில் எல்லாம் வரிசையாக வந்துவிடும். அலகுகள் எல்லாம் மைக்ரோ கணக்கு: மைக்ரோவாட்-மணி, மைக்ரோவோல்ட், மைக்ரோவாட். என் உள்பேட்டரி 'எனர்ஜி_ஃபுல்' என்று 1,79,00,000-ஐ ஒட்டி ஒரு எண்ணைக் காட்டியது. பத்து லட்சத்தால் வகுத்தால் 17.9 வாட்-மணி. புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 24 வாட்-மணி. ஆக முக்கால்வாசிப் பேட்டரிதான் கையில் இருக்கிறது.

இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது நேரே இதையே படித்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அதில் இரண்டு சிக்கல்.

முதலாவது, எல்லாப் பேட்டரியும் 'எனர்ஜி' என்று பேசுவதில்லை. சில கணினிகளில் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வாட்-மணிக்குப் பதிலாக ஆம்பியர்-மணியில் கணக்குச் சொல்லும். அங்கே 'எனர்ஜி_நவ்' இருக்காது, 'சார்ஜ்_நவ்' இருக்கும். 'பவர்_நவ்' இருக்காது, 'கரன்ட்_நவ்' இருக்கும். ஆம்பியர்-மணியை வோல்டேஜால் பெருக்கினால் வாட்-மணி என்பது பள்ளிப் பாடம்தான். எந்த வோல்டேஜால் பெருக்குவது என்பதில்தான் விஷயம். மூன்று செல் வரிசையாக உள்ள பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். இறங்க இறங்கப் பத்து வோல்ட் பக்கம் போய்விடும். அப்போதைக்குள்ள வோல்டேஜால் பெருக்கினால், சார்ஜ் இறங்குவதோடு சேர்ந்து பேட்டரியின் முழுக் கொள்ளளவும் சுருங்குவதுபோலத் தெரியும். காலையில் 90 சதவீத ஆரோக்கியத்தோடு இருந்த பேட்டரி மாலையில் 75 ஆகிவிடும், மறுபடி சார்ஜ் போட்டால் பிழைத்துக்கொள்ளும்! வடிவமைப்பு வோல்டேஜால் பெருக்குவதுதான் முறை. சதவீதத்தில் இந்தக் குளறுபடி தெரியாது, ஏனென்றால் மேலும் கீழும் ஒரே எண்ணால்தான் பெருக்குகிறோம். தேய்மானத்தைப் பதிவு செய்யக் கிளம்பினால்தான் மாட்டிக்கொள்வோம்.

இரண்டாவது, இந்தக் கோப்புகள் தாமாக வந்து எதையும் சொல்லாது. சாதாரணக் கோப்பு மாறினால் கெர்னலின் 'ஐநோட்டிஃபை' வசதி வழியாகத் தெரிந்துகொள்ளலாம். கெர்னல் தானே மாற்றிக்கொள்ளும் இந்த எண்களுக்கு அது எடுபடாது. சார்ஜரைச் செருகினால், பிடுங்கினால், சாதன மாற்றங்களைச் சொல்லும் யூடெவ் வழியாகச் செய்தி வரும். 63 சதவீதம் 62 ஆனதற்குச் செய்தி வருமா என்பது அந்தந்தக் கணினியின் ஃபர்ம்வேரைப் பொறுத்தது. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகள் நொடிக்கு ஒருமுறை எழுந்து, 'கேட்' ஒன்று, 'ஆக்' ஒன்று என்று இரண்டு மூன்று புராசஸைப் பெற்றுப்போட்டு, அதே எண்ணைத் திரும்பப் படித்துவிட்டுப் படுக்கின்றன. பேட்டரியைக் காக்க வந்த கருவியே, எது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று காட்டும் பவர்டாப் பட்டியலில் மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூத்தை நிறையப் பார்க்கலாம். அதிலும் கெர்னலின் ஏசிபிஐ பேட்டரி டிரைவர் ஃபர்ம்வேரிடம் ஒருமுறை கேட்டு வாங்கிய விடையை ஒரு நொடிக்கு அப்படியே வைத்திருக்கும். அதைவிட வேகமாகக் கேட்டால் பழைய விடையே வரும்.

யூபவர் செய்யும் வேலை

இந்த இரண்டு சிக்கலையும் ஏற்கெனவே தீர்த்து வைத்திருப்பது யூபவர். ரிச்சர்ட் ஹியூஸ் 2008-இல் 'டிவைஸ்கிட்-பவர்' என்ற பெயரில் தொடங்கியது. அதுவரை எல்லா வன்பொருளையும் ஒரே ஆளாகச் சுமந்துகொண்டிருந்த 'ஹால்' டீமனிடமிருந்து (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் சேவை) மின் பகுதியை மட்டும் பிரித்து எடுத்தார்கள். 2010-இல் யூபவர் ஆனது. முன்பு கணினியைத் தூங்க வைப்பது, ஹைபர்னேட் செய்வது எல்லாம் இதன் வேலையாகவே இருந்தது. 0.99 வரிசையில் அவற்றை கணினியின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்டியிடம் ஒப்படைத்துவிட்டு, அளப்பது, சொல்வது, சார்ஜ் ஒரேயடியாகத் தீரும்போது லாகின்டியைக் கூப்பிடுவது என்ற அளவில் நின்றுகொண்டது. நல்ல முடிவு. க்னோமும் கேடிஇயும் எக்ஸ்எஃப்சிஇயும் காட்டும் பேட்டரி ஐகானுக்குப் பின்னால் இருப்பது இதுவேதான்.

நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாதை டி-பஸ். அதில் கணினி முழுமைக்கும் பொதுவான சிஸ்டம் பஸ்ஸில் யூபவர் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பேட்டரியும் ஒரு ஆப்ஜெக்ட், சார்ஜர் ஒரு ஆப்ஜெக்ட், ப்ளூடூத் மவுஸ் இணைத்திருந்தால் அதுவும் ஒரு ஆப்ஜெக்ட். நிரலில் கைவைக்கும் முன் டெர்மினலில் 'யூபவர் --டம்ப்' அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. என்னென்ன தெரியும், எவையெல்லாம் காலி என்பது அங்கேயே விளங்கிவிடும். அடுத்து 'யூபவர் --மானிட்டர்-டீட்டெயில்' போட்டுவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கியும் செருகியும் பார்க்க வேண்டும். நிரலுக்குள் என்ன வரிசையில் செய்தி வரப்போகிறது என்பது கண் முன்னே ஓடும். பேட்டரியில் ஓடும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கணக்கு வருவதையும் கவனிக்கலாம். மொத்தக் கணினிக்கும் சேர்த்து யூபவர் ஒரு ஆள் எழுந்து படிக்கிறது. மற்றவர்கள் காதை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும்.

இரட்டைப் பேட்டரிக்கு யூபவர் தரும் விடை 'டிஸ்ப்ளே டிவைஸ்' என்ற கற்பனைச் சாதனம். இருக்கிற பேட்டரிகள் எல்லாவற்றையும் கூட்டி, பயனருக்குக் காட்ட வேண்டிய ஒற்றைப் பேட்டரியாக அது தன்னைக் காட்டிக்கொள்ளும். டி480 முதலில் வெளிப்பேட்டரியைக் காலி செய்யும். அது ஐந்து சதவீதம் பக்கம் வந்ததும் உள்பேட்டரிக்குத் தாவும். என்னிடம் வெளியே உள்ளது 20.5 வாட்-மணி, உள்ளே 17.9. தாவும் தருணத்தில் 'பேட்1'-ஐ மட்டும் பார்க்கும் நிரல் "5%, உடனே சார்ஜ் போடு" என்று அலறும். 'பேட்0'-ஐ மட்டும் பார்க்கும் நிரல் அதுவரை 100 என்றே சாதித்துக்கொண்டிருக்கும். இரண்டின் சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 52.5 வரும், அதுவும் சரியில்லை, கொள்ளளவு வேறு வேறு. மிச்சமிருக்கும் 18.9 வாட்-மணியை மொத்தம் 38.4-ஆல் வகுத்தால் 49. டிஸ்ப்ளே டிவைஸ் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். பட்டிக்கும் எச்சரிக்கைக்கும் இதையும், தேய்மானப் பதிவுக்குத் தனித்தனிப் பேட்டரிகளையும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

நிரல்

பைத்தானும், க்னோம் நூலகங்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் பைஜிஆப்ஜெக்டும் போதும், வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. 'ஜியோ' நூலகத்தின் 'டிபஸ்ப்ராக்ஸி' என்ற பிரதிநிதி ஒன்றை டிஸ்ப்ளே டிவைஸ் மேல் உருவாக்கி, 'ஜி-ப்ராப்பர்ட்டீஸ்-சேஞ்ச்ட்' சிக்னலுக்கு ஒரு ஃபங்ஷனைக் கட்டிவிட்டு, ஜிலிப்பின் மெயின் லூப்பை ஓடவிட்டால் எலும்புக்கூடு தயார். சிக்னலோடு ஓர் அகராதி வரும், ஆனால் அதில் மாறியவை மட்டுமே இருக்கும். வாட் மட்டும் மாறியிருந்தால் சதவீதம் அதில் இருக்காது. எனவே சிக்னலை "ஏதோ மாறியிருக்கிறது" என்ற தட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டிய எல்லாவற்றையும் ப்ராக்ஸியின் சேமிப்பிலிருந்தே படிப்பது சுலபம். ப்ராக்ஸி அதைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். டி-பஸ்ஸில் மறுபடி கேட்கும் செலவு இல்லை.

படிக்க வேண்டியவை கொஞ்சம்தான்: 'ஸ்டேட்', 'பர்சன்டேஜ்', 'எனர்ஜி', 'எனர்ஜிரேட்', 'வார்னிங்லெவல்'. 'ஸ்டேட்' ஓர் எண்: 1 சார்ஜ் ஆகிறது, 2 இறங்குகிறது, 3 காலி, 4 முழுமை, 5 சார்ஜுக்குக் காத்திருக்கிறது, 6 இறங்கக் காத்திருக்கிறது, 0 தெரியவில்லை. 'எனர்ஜிரேட்' வாட்டில் வரும். சார்ஜ் ஆகும்போது அது எதிர்மறை எண்ணாக வரும் என்று ஆவணம் சொல்கிறது. என் கணினியில் எந்தத் திசையிலும் நேர்மறையாகவே வருகிறது. ஆவணத்தை நம்பி ப்ளஸ் மைனஸ் குறியை வைத்துத் திசையைத் தீர்மானிக்காமல் 'ஸ்டேட்'டை வைத்தே தீர்மானித்துக்கொள்வது பாதுகாப்பு.

சார்ஜரைச் செருகும் நொடியில் 'ஸ்டேட்' 2-லிருந்து நேராக 1-க்குப் போகாது. நடுவே 0 அல்லது 5 எட்டிப் பார்க்கும், சில சமயம் இரண்டும். ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு விட்டால் திரையின் மூலையில் மூன்று பெட்டி அடுக்கடுக்காக வந்து நிற்கும். அதனால் ஸ்டேட் மாறியதும் மூன்று நொடிக்கு ஒரு டைமர் வைத்து, அதற்குள் மறுபடி மாறினால் பழைய டைமரைத் தூக்கிவிட்டுப் புதிதாக வைத்து, அடங்கிய பிறகு இருக்கும் நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். இதற்கு 'டைம்அவுட்_ஆட்_செகண்ட்ஸ்' நல்லது. மில்லிநொடி டைமரைப் போலத் தனியாக எழுப்பாமல், மற்ற டைமர்களோடு சேர்த்து ஒரே தடவையில் எழுப்பப் பார்க்கும்.

இன்னொரு சின்ன விஷயம். டிஸ்ட்ரோ அப்டேட் வரும்போது யூபவர் டீமனே ஒருமுறை நின்று மறுபடி எழும். அந்த இடைவெளியில் ப்ராக்ஸியின் சேமிப்பு காலியாகி, 'பர்சன்டேஜ்' கேட்டால் ஒன்றுமே வராது. பஸ்ஸில் அந்தப் பெயருக்கு உரிமையாளர் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் சும்மா இருந்துவிடும் ஒரு வரி தேவை. இல்லாவிட்டால் அப்டேட் முடிந்ததும் பட்டியில் பேட்டரி இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், காரணம் தேடினாலும் லேசில் சிக்காது.

மீதி நேரம்

'டைம் டு எம்ப்டி' என்று யூபவர் நொடிக்கணக்கில் ஓர் எண் தருகிறது. அதைப் பட்டியில் போடக் கூடாது என்பது என் கட்சி.

அந்த எண்ணை யாரும் அளப்பதில்லை. மிச்சமிருக்கும் வாட்-மணியை அப்போதைய வாட்டால் வகுத்து வருவது அது. மிச்சம் 20 வாட்-மணி இருக்கும்போது எடிட்டரில் எழுதிக்கொண்டிருந்தால் என் கணினி 5.5 வாட் இழுக்கும்: மூன்று மணி 38 நிமிடம். அதே நேரத்தில் எதையாவது கம்பைல் போட்டால் 14 வாட்: ஒரு மணி 26 நிமிடம். கம்பைல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்த இரண்டு நிமிடமும் பட்டி "இன்னும் ஒன்றரை மணி கூட இல்லை" என்று பயமுறுத்திக்கொண்டிருக்கும். ஷேர் ஆட்டோக்காரர் "அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்" என்று சொல்வது மாதிரிதான் இதுவும். அந்த நொடியில் ரோடு காலியாக இருந்தால் எவ்வளவு ஆகுமோ அதைச் சொல்கிறார்.

எனவே பட்டியில் அளந்து பெற்ற இரண்டு எண்களை மட்டும் வைத்தேன்: சதவீதமும் வாட்டும். "62% 5.8வா" என்று இருக்கும். புழங்கப் புழங்க வாட்டைப் பார்த்தே மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆறுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றும் செய்யாமலே 11 காட்டினால் ஏதோ ஒரு பிரவுசர் டேப் வேலை மெனக்கெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தேடிப்பிடித்து மூடலாம். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் எத்தனை வாட் மிச்சம் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மீதி நேரம் என்ற எண் இதில் எதையும் கற்றுத்தராது.

மௌஸை மேலே கொண்டுபோனால் வரும் டூல்டிப்பில் மட்டும் நேரத்தை வைத்திருக்கிறேன், அதுவும் வழவழப்பாக்கிய பிறகு. புதிய சராசரி என்பது பழைய சராசரியில் 80 சதவீதமும் புதிதாக வந்த வாட்டில் 20 சதவீதமும். அரை நிமிடத்துக்கு ஒரு கணக்கு வருவதால், உபயோகம் நிஜமாகவே மாறினால் இரண்டரை நிமிடத்தில் சராசரி மூன்றில் இரண்டு பங்கு தூரம் நகர்ந்துவிடும். சட்டென்று வந்துபோகும் ஏற்றம் பெரிதாகப் பாதிக்காது. வரும் விடையைப் பத்து நிமிடத்துக்கு முழுமையாக்கி "சுமார் 3 மணி 20 நிமிடம்" என்று காட்டுகிறேன். நிமிடம் வரை காட்டினால் இல்லாத துல்லியத்துக்கு வாக்குக் கொடுத்ததுபோல ஆகிவிடும். சார்ஜர் மாறும்போதும், கணினி தூங்கி எழும்போதும் சராசரியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். தூங்கி எழுந்ததை அறிய லாகின்டியின் 'ப்ரிப்பேர்ஃபார்ஸ்லீப்' சிக்னல் இருக்கிறது. தூங்கப் போகும்போது உண்மை என்றும் எழும்போது பொய் என்றும் ஒரு பூலியன் வரும். பொய் வந்தால் சராசரியைத் துடைக்கிறேன்.

எச்சரிக்கை

எந்தச் சதவீதத்தில் கத்துவது என்பதை நிரலுக்குள் எழுதிவைக்கவில்லை. யூபவரின் அமைப்புக் கோப்பிலேயே அந்த எல்லைகள் இருக்கின்றன: என் கணினியில் 20-இல் குறைவு, 5-இல் அபாயம், 2-இல் செயல். அந்த எல்லையைத் தாண்டும்போது 'வார்னிங்லெவல்' மாறும்: 3 குறைவு, 4 அபாயம், 5 செயல். எல்லையை மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றலாம், யூபவரை நம்பியிருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே பேச்சுப் பேசும். எண் 3-க்கோ 4-க்கோ ஏறும் கணத்தில் மட்டும் அறிவிப்பு. அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் மௌனம். இதில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே நிலை, கடைசியாகச் சொன்ன எண். சார்ஜர் செருகினால் அதை அழித்துவிடலாம்.

அறிவிப்பு அனுப்புவது, டி-பஸ்ஸில் பயனருக்கென்று தனியாக இருக்கும் செஷன் பஸ்ஸில் உள்ள 'நோட்டிஃபிகேஷன்ஸ்' சேவை வழியாக. என்னிடம் அதை வாங்கிக் காட்டுவது மாக்கோ. 'நோட்டிஃபை' அழைப்பு ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும். அடுத்த முறை அந்த எண்ணையே கொடுத்தால் பழைய பெட்டி இருந்த இடத்திலேயே புதிய செய்தி வரும், குவியாது. சார்ஜர் போட்டதும் அதே எண்ணை வைத்துப் பெட்டியை மூடச் சொல்லிவிடலாம். "பேட்டரி 20%. 7.7 வாட்-மணி மிச்சம்" என்பது குறைவுக்கான செய்தி. அபாயத்துக்கு 'அர்ஜென்சி' 2 வைத்து "சார்ஜர் போடவும்" என்று ஒரே வரி. அந்த அளவில் அனுப்பினால் நாமாக மூடும் வரை பெட்டி போகாது. செய்திகள் தமிழில்தான் வருகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இருந்தால் கூட்டெழுத்தெல்லாம் ஒழுங்காக விழும்.

செயல் என்ற கடைசிக் கட்டத்தில் என் நிரலுக்கு வேலை கிடையாது, இருக்கவும் கூடாது. கணினியைக் காப்பாற்றி மூடுவது யூபவரின் பொறுப்பு. 'ஹைப்ரிட்ஸ்லீப்' என்று அமைத்திருந்தால் முதலில் அது முடியுமா என்று லாகின்டியிடம் கேட்கும், வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடம் போதாமல் முடியாதென்றால் ஹைபர்னேட், அதுவும் முடியாதென்றால் கணினியை நிறுத்திவிடும். உங்கள் கணினியில் கடைசியில் எது நடக்கும் என்பதை 'கெட்கிரிட்டிக்கல்ஆக்ஷன்' மெதடைக் கூப்பிட்டு இப்போதே தெரிந்துகொள்ளலாம். ஹைபர்னேட் ஆகும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு விடை 'பவர்ஆஃப்' என்றுதான் வரும்.

பட்டிக்கு ஒரு புராசஸ், அறிவிப்புக்கும் பதிவுக்கும் இன்னொன்று என்று பிரித்துவிட்டேன். வேபாரின் கஸ்டம் மாட்யூல் ஒரு நிரலை ஓடவிட்டு, அது அச்சிடும் ஒவ்வொரு ஜேசன் வரியையும் வாங்கிக் காட்டும்; அச்சிடாதவரை தொந்தரவு செய்யாது. சிக்னல் வந்தால் மட்டும் ஒரு வரி அச்சிடும் நம் நிரலுக்கு இது கச்சிதம். அறிவிப்பு நிரல் சிஸ்டம்டியின் பயனர் சேவையாக ஓடுகிறது, விழுந்தால் தானே எழும்படி. வேபாரைக் கொன்றுவிட்டு மறுபடி ஏற்றினாலும் எச்சரிக்கை தன் பாட்டுக்கு இருக்கும். ஸ்வேயில் 'கிராஃபிக்கல்-செஷன்' டார்கெட் தானாகத் தொடங்காது. ஸ்வே அமைப்பில் அதற்கென்று ஒரு வரி சேர்க்காவிட்டால் சேவை எழவே எழாது.

பொய்ப் பேட்டரி

ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் வரை இறங்கக் காத்திருந்து சோதிக்க யாராலும் முடியாது. கெர்னலுக்குள்ளேயே இதற்கு 'டெஸ்ட்_பவர்' என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. 'மாட்ப்ரோப்' கட்டளையால் அதை ஏற்றினால் ஒரு பொய்ச் சார்ஜரும் ஒரு பொய்ப் பேட்டரியும் பவர் சப்ளை அடைவில் முளைக்கும். யூபவர் அவற்றை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளும். மாட்யூலின் பாராமீட்டர் கோப்பில் கொள்ளளவு 19 என்று எழுதினால் 19 சதவீதம். சார்ஜர் 'ஆஃப்' என்றால் சார்ஜர் பிடுங்கியாயிற்று. சோதனையை வர்ச்சுவல் மெஷினில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வேறு பேட்டரி இல்லாததால் டிஸ்ப்ளே டிவைஸும் பொய்ப் பேட்டரியையே காட்டும், எண்கள் சுத்தமாக இருக்கும். அதோடு 2 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் யூபவர் விளையாட்டு என்று பார்க்காது, இயந்திரத்தை மூடக் கிளம்பிவிடும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லதுதான், ஆனால் திறந்த வேலைகள் இருக்கும் கணினியில் வேண்டாம்.

ரூட் அனுமதி இல்லாத இடத்தில் 'பைத்தான்-டிபஸ்மாக்' கைகொடுக்கும். யூபவர் மாதிரியே பேசும் ஒரு போலி டி-பஸ் சேவையை எழுப்ப அதில் வார்ப்புரு தயாராக இருக்கிறது. 2-லிருந்து 0, 0-விலிருந்து 5, 5-லிருந்து 1 என்று அரை நொடி இடைவெளியில் ஸ்டேட்டை மாற்றி, மூன்று நொடி டைமர் ஒரே ஒரு அறிவிப்பைத்தான் விடுகிறதா என்பதை இதில்தான் சோதித்தேன்.

தேய்மானப் பதிவு

யூபவர் தன் பங்குக்கு '/வார்/லிப்/யூபவர்' அடைவில் சார்ஜ், வாட் இரண்டையும் பதிந்து வைக்கிறது. ஆனால் ஒரு வாரத்துக்கு முந்தையதைக் கழித்துவிடும். க்னோமின் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரைபடத்துக்கு அது போதும், தேய்மானத்துக்குப் போதாது. நாளுக்கு ஒரு வரி என்று ஒரு சிஎஸ்வி கோப்பில் தேதி, பேட்டரி, 'எனர்ஜிஃபுல்', 'எனர்ஜிஃபுல்டிசைன்', 'சார்ஜ்சைக்கிள்ஸ்' ஆகியவற்றை எழுதுகிறேன். டேட்டாபேஸ் எல்லாம் இதற்கு அதிகம். சைக்கிள் எண்ணிக்கையைத் தராத பேட்டரிக்கு -1 வரும், அதைக் காலியாக விட வேண்டும்.

இந்தக் கோப்பைப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது: 'எனர்ஜிஃபுல்' சீராக இறங்கும் கோடு அல்ல. அது பேட்டரிக்குள் உள்ள சிப்பின் மதிப்பீடு. பாதியிலேயே சார்ஜ் போட்டுப் போட்டு எடுத்தால் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஒருமுறை நன்றாக இறங்கி முழுக்க ஏறினால் சிப் கணக்கைத் திருத்திக்கொண்டு ஒரேயடியாகக் கீழே குதிக்கும், சில சமயம் கொஞ்சம் மேலேகூட ஏறும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துவிட்டுப் புதுப் பேட்டரி வாங்க ஓட வேண்டாம்.

தேய்மானத்தைக் குறைக்க 80-இல் சார்ஜை நிறுத்தும் வசதி திங்க்பேட்டில் இருக்கிறது. 'சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்ட்' என்ற கோப்பில் 80 என்று எழுதினால் ஆயிற்று. யூபவரின் புதிய பதிப்புகளிலும் இதற்கு மெதட் வந்துவிட்டது, 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இன் அமைப்புத் திரையில் தெரிவது அதுதான். எல்லை வைத்த பிறகு கருவியில் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 80-ஐ எட்டியதும் ஸ்டேட் 4 ஆகாது, 5-இல் நின்றுவிடும். அதைச் "சார்ஜரில், 80-இல் நிறுத்தம்" என்று காட்ட வேண்டும். 'டைம் டு ஃபுல்' 100 வரைக்கும் கணக்குப் போட்டு ஒருபோதும் வராத நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதை எடுத்தே விட்டேன்.

ப்ளூடூத் மவுஸும் அதே பஸ்ஸில்தான் வருகிறது, 'டைப்' 5 என்று. 'பவர்சப்ளை' என்ற பண்பு அதற்குப் பொய் என்று இருக்கும். கணினியை ஓட்டும் பேட்டரியையும் இதையும் பிரிக்க அதைப் பார்த்தால் போதும். 'பேட்டரிலெவல்' 1 என்றால் மவுஸ் தரும் சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் என்றால் அதற்குத் தெரிந்ததே நிறைய, குறைவு என்ற அளவுதான், சதவீதம் ஒப்புக்குத்தான்.

மேசைக் கணினியில் இதே கருவி ஓடுமா என்றால், யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் இருந்தால் ஓடும். யூபவர் அதை 'டைப்' 3 என்று காட்டும், டிஸ்ப்ளே டிவைஸ் வழியாகவே வரும், நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டாம். பல கணினிகளுக்கு ஒரே யூபிஎஸ் என்றால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் பக்கம் போவது மேல். நம்மூர் வீடுகளில் உள்ள சாதாரண இன்வெர்ட்டரில் கணினியோடு பேச வயர் கிடையாது, அதன் பேட்டரியை முன்னால் எரியும் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.